பாய்ப்படகின் உறுப்புக்கள்

நமது கல்லூரி மாணவருள் சிலர் சென்ற கோடை விடுமுறையிற் கடற்கரை சென்று பாய்ப்படகு செலுத்தப் பழகி வந்தனர் என்று கேள்வியுற்று மிக மகிழ்ந்தேன். அவர்களுள் ஒருவர் என்னைக் காண வந்தபோது தம் பயிற்சியாசிரியரைக் குறித்து ஒரு குறை கூறினார். முதல் நாள் முழுவதும் படகு நீரில் இறங்கவேயில்லையாம். மணலில் நிறுத்திய படகைச் சுற்றிச் சுற்றி வந்து, 'இது இன்னது, இதன் தொழில் இன்னது' என்று ஏறத்தாழ இருபது பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தனராம். "ஐயா, நீந்தக் கற்பவனுக்கு நீரின் இலக்கணம் எதற்கு?" என்று அவர் என்னை வினவினார். வினா நயமாகவே இருந்தது. அன்று எனக்கு வேறு வேலை இருந்தமையால், "பிறகு பேசுவோம், தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் 'பிறகு' இப்பொழுதுதான் வாய்த்தது.

அவ்வாசிரியர் செய்தது முற்றும் சரி என்பதே என் கருத்து. அதற்கு மேலும் ஒரு படி சென்று, அப்பெயர்களை நம் கடற்கரையார் வழங்கும் தமிழிலேயே கற்பித்திருக்க வேண்டும் என்பேன். இவ்வாறு நான் துணிந்து கூறுதற்குக் காரணம் நூலறிவன்று; ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்கு முன் பாக்கு நீரிணைக் கரையில் நேர்ந்த ஒரு விபத்தாகும்.

அப்போது நாங்கள் மூவர். படகு அறிமுகமான ஒருவருடையது. ஒரு மரமும் ஒரு பாயும் உடையது. மூவருள் ஒருவரே முன்பு சிறிது பழகினவர். அவர் சுக்கான் பிடித்தார். நான் மரத்தடியில் அமர்ந்திருந்தேன். மூன்றாமவர் வேடிக்கை பார்க்க வந்தவர், நீந்தவும் அறியாதவர். கரையினின்று அரை மைல் தொலைவு சென்றிருப்போம். திடீரென்று காற்று வலுத்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுக்கான் பிடித்தவர், "ஷீட்டை விடு! ஷீட்டை விடு!" என்று கத்தினார். ஷீட் என்றால் விரிப்பு என்று பள்ளியிற் படித்தவன் நான். ஆதலின் அவர் பாயைத்தான் சொல்கிறார், அதனைக் கீழே இறக்கச் சொல்கிறார் என்று கருதி, மரத்தில் முடிந்திருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். காற்று நிறைந்த பாய் மரத்தோடு அழுந்தி நிற்குமாதலின் அது இறங்கவில்லை. அவர் விடச் சொன்ன கயிறோ என் முழங்காலுக்கு அருகே ஒரு கட்டையிற் சுற்றி முடிந்தபடியே கிடந்தது. அதை ஒரு நொடியில் அவிழ்த்திருக்கலாம். படகு கவிழ்ந்தது.

நீந்தத் தெரியாத நண்பர் பாயின் அடியில் அகப்பட்டுக்கொண்டார்; கயிறு ஒன்று அவர் காலிற் சுற்றிக்கொண்டது. நாங்கள் இருவரும் அவரை வெளியே இழுத்தபோது அவர் பேச்சற்றிருந்தார். சற்றுத் தொலைவில் வலை போட்டுக்கொண்டிருந்த வள்ளத்தினர் கண்டு வந்து எங்களை ஏற்றிக்கொண்டிராவிடில் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனோ, அறியேன். நண்பர் பிழைத்தார். ஆயினும் அன்று முதல் இன்று வரை அவர் கடற்கரை மணலிற்கூடக் காலெடுத்து வைத்ததில்லை.

வள்ளத்திலிருந்த முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தாமானை விட்டிருந்தால் படகு தானே நிமிர்ந்திருக்குமே, தம்பி" என்றார். "தாமான் எது, பெரியவரே?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தம் வள்ளத்துப் பாயின் கீழ்மூலையிலிருந்து வந்த ஈரக்கயிற்றை எடுத்து என் கையில் வைத்தார். அதன் பெயர் அதன் பிறகு எனக்கு மறந்ததில்லை.

பாயின் கீழ்மூலையைப் பிடித்து, அது காற்றுக்கு எவ்வளவு முகங்கொடுக்க வேண்டும் என்பதை இழுத்தும் தளர்த்தியும் அமைக்கும் கயிறே தாமான். படகிலுள்ள கயிறுகளுள் உயிர்க்கயிறு இதுவே. இதனை இழுத்தால் பாய் காற்றைக் கொள்ளும். விட்டால் பாய் கொடிபோற் படபடத்துக் காற்றைச் சொரிந்துவிடும். சாய்ந்த படகு நிமிரும். நான் அன்று அவிழ்க்க முயன்ற மற்றக் கயிறு ஆஞ்சான். பாயை மரத்தின் உச்சிக்கு ஏற்றவும் இறக்கவும் உதவுவது. இரண்டும் கயிறே, இரண்டும் ஒரே பருமனே; தொழிலில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை.

ஆங்கிலேயரின் ஷீட் என்ற பெயரும் ஆதியில் பாயின் மூலையைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்து, பின்னர் அம்மூலையிற் கட்டிய கயிற்றுக்கு ஆயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். நம் தாமானும் ஆடையின் ஓரத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததாகவே தோன்றுகிறது. ஒருவரையொருவர் அறியாத இரு கரையாரும் துணியின் ஓரத்திலிருந்து கயிற்றுக்கு ஒரே வழியில் வந்து சேர்ந்திருக்கின்றனர்! இஃது இடையில் வந்த செய்தி, மேலே செல்வோம்.

"பழகப் பழகப் பெயர்கள் தாமே வந்துவிடும், முதலிற் கை பழகட்டும்" என்று சொல்வாருண்டு. நல்ல வெயிலிலும் மெல்லிய காற்றிலும் அது உண்மையே. 'அதை இழு, இதை விடு' என்று விரலாற் சுட்டிக் காட்டிக் காலங்கழிக்கலாம். ஆனால் விரலாற் சுட்டுதற்குக் கை ஓய்வாயிருத்தல் வேண்டும். சுட்டியதைக் காண்பதற்குக் கண் அந்தப் பக்கம் இருத்தல் வேண்டும். காற்று வலுத்த காலையில் இரண்டும் இரா. இருட்டிலோ சொல்லவே வேண்டா. அப்பொழுது ஒருவன் வாயிலிருந்து மற்றொருவன் கைக்குச் செல்லக்கூடியது ஒரு சொல் மட்டுமே. அச்சொல் இருவருக்கும் ஒரே பொருளைத் தருதல் வேண்டும்.

இதனைக் கப்பற்படை உடைய நாட்டினர் பட்டறிந்தே உணர்ந்தனர். கப்பலின் முன்புறம் நோக்கி நிற்பவனுக்கு வலப்புறமாயுள்ள பக்கத்தை ஆங்கிலேயர் ஸ்டார்போர்டு என்பர். பண்டு அவர்கள் படகுகளில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கத்தே கட்டப்பட்டிருந்தமையின், 'திருப்பும் பக்கம்' என்ற பொருளில் அப்பெயர் ஏற்பட்டது. இடப்பக்கத்துக்கு அவர்கள் நெடுங்காலம் வழங்கிய பெயர் லார்போர்டு. ஸ்டார்போர்டு, லார்போர்டு என்னும் இரண்டையும் புயற்காற்றின் நடுவே உரக்கக் கூவிப் பாருங்கள். கேட்பவன் செவியில் பின்பாதி மட்டுமே விழும். இதனால் விளையும் குழப்பம் பொறாமல், பிரிட்டிஷ் கப்பற்படை அதிகாரிகள் 1844-ஆம் ஆண்டில் லார்போர்டு என்ற சொல்லை விலக்கி, இடப்பக்கத்தைப் போர்ட் என்றே வழங்க வேண்டுமென்று கட்டளையிட்டனர். உலகத்தின் மிகப் பெரிய கடற்படை, ஒரு பெயரின் ஓசைக்காகக் கட்டளை பிறப்பித்தது! பெயரைப் பயனற்ற பாடம் என்பார் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

சுக்கானைப் பற்றிய குழப்பமோ இதனினும் நீண்டது. சிறு படகிற் சுக்கானின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். ஆகவே பழைய முறைப்படி, 'வலப்பக்கம்' என்று கட்டளையிட்டால் கைப்பிடி வலத்தே செல்லும், கப்பல் இடத்தே திரும்பும். கைப்பிடி போய்ச் சக்கரம் வந்த பின்னும் அப்பழங்கட்டளையே நின்றது. எந்தச் சொல் எதனைக் குறிக்கிறது, பிடியையோ கப்பலையோ என்ற ஐயம் 1930-களின் தொடக்கத்திலேதான் பிரிட்டிஷ் கப்பல்களில் சட்டத்தாற் தீர்க்கப்பட்டது. வலம் இடம் தெரிவது ஏட்டளவில் நிற்பதன்று. எதிரெதிரே வரும் இரு பாய்ப்படகுகளுள் ஒன்று வலப்பக்கத்துக் காற்றையும் மற்றொன்று இடப்பக்கத்துக் காற்றையும் கொண்டு வருமாயின், இடப்பக்கத்துக் காற்றைக் கொண்டதே விலகி வழிவிட வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதிகளுள் ஒன்று. தன் படகின் வலம் எது என்று நின்று யோசிப்பவன், யோசித்து முடிக்கும் முன் மோதிவிடுவான்.

இனி, உறுப்புக்களை ஒருவாறு சொல்வேன். படகின் முன்முனை அணியம், பின்முனை அமரம். அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பாகிய மரம் ஏரா. அதினின்று இருபுறமும் விலாவெலும்புகள்போல் எழுவன வங்கு. நடுவே நிற்பது பாய்மரம். நம் பழந்தமிழ் நூல்கள் இதனைக் கூம்பு என்னும். பாயை விரித்துத் தாங்கும் குறுக்குமரம் பருமல். சுக்கானும் நங்கூரமும் யாவரும் அறிந்தன.

இவற்றுள் மாணவர் மிகவும் அலட்சியம் செய்வது நீருக்கடியில் மறைந்து கிடக்கும் பகுதியையே. பாய் கண்ணைக் கவரும். ஏராவை யார் பார்க்கிறார்கள்? ஆயினும் காற்று வீசும் திசைக்கு எதிர்முகமாய்ப் பாய்ப்படகு முன்னேறுகிறதே, அந்த அற்புதத்தின் சரிபாதி அடியிலேதான் இருக்கிறது. வளைந்த பாயின் இருபுறமும் காற்று ஓடும்போது ஒரு புறம் அழுத்தம் குறைந்து, படகைப் பெரும்பாலும் பக்கவாட்டிலும் சிறிதளவே முன்னோக்கியும் இழுக்கிறது. அடியில் ஒன்றும் இல்லையேல் படகு நண்டுபோற் பக்கவாட்டிலேயே வழுக்கிப் போகும். ஆழ்ந்த ஏராவோ, சிறு படகுகளில் நடுவே இறக்கப்படும் பலகையோ, அப்பக்க நகர்ச்சியைத் தடுக்கிறது. எஞ்சிய வழி முன்னோக்கியதொன்றே. ஈரமான புளியங்கொட்டையை இரு விரலால் அழுத்தினால் அது முன்னே பாய்வதில்லையா? காற்றும் நீரும் அவ்விரு விரல்களாகும். நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாயும் செல்லாது. காற்றின் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை விலகி, ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாக வளைந்து வளைந்தே ஏறல் வேண்டும். இதனை ஒருவர்க்கு விளக்கப் புகுந்தால், ஏராவும் தாமானும் சுக்கானும் என்ற மூன்று பெயர்கள் இல்லாமல் ஒரு வாக்கியமும் முடிவதில்லை என்பதைத் தாமே காண்பீர்கள்.

அடிப்பாரம் குறைந்தால் என்னாகும் என்பதற்கு ஸ்வீடன் தேசத்து வாஸா என்னும் போர்க்கப்பல் சான்று. 1628-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி ஸ்டாக்ஹோம் துறைமுகத்தினின்று முதன்முதற் பாய் விரித்துப் புறப்பட்ட அம்மாபெருங் கப்பல், ஒரு மைல்கூடச் செல்லாமல், வீசிய காற்றிற் சாய்ந்து, பீரங்கி வாயில்களின் வழியே நீர் புகுந்து மூழ்கிற்று. மேற்பாரம் மிகுந்து அடியிற் போதிய பாரம் இன்மையே காரணம். 1961-ஆம் ஆண்டில் அதனை மேலே கொணர்ந்தனர். ஸ்டாக்ஹோம் நகரத்துக் காட்சிசாலையில் இன்றும் காணலாம். அரசர் கண்டு மகிழ வேண்டுமென்று செதுக்கிய சிற்பங்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு மேலேதான் இருக்கின்றன!

நம் மாணவர் பழகும் படகுகள் வாஸாவைப் போன்றன அல்ல என்பது மெய். 1947-இல் அமெரிக்க நாட்டுப் புளோரிடாவிற் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்க்கென வகுத்த ஆப்டிமிஸ்ட் என்னும் படகு எட்டு அடிக்கும் குறைந்த நீளமே உடையது. உலகெங்கும் சிறுவர் இதிலேயே பழகுகின்றனர். எனினும் பெரிய கப்பலின் இன்றியமையாத உறுப்புக்களெல்லாம் அதன்கண்ணும் உண்டு. அதனாலேயே அது நல்ல பாடப்புத்தகம்.

இனித் தமிழ்ப் பெயர்களைப் பற்றி. இருவகையார் இங்கே என்னோடு மாறுபடுவர். ஒரு சாரார், விதிகளும் போட்டிகளும் ஆங்கிலத்தில் நடக்கையில் தமிழ்ப் பெயர் எதற்கு என்பர். ஆங்கிலப் பெயரை ஒருவரும் விலக்க வேண்டா. சென்னை நேத்ரா குமணன் 2021-ஆம் ஆண்டில், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார். அத்தகையோர் பல தேசத்தாரோடு பேசப் பொதுமொழி வேண்டும். ஆனால் நான் அன்று ஷீட்டை விரிப்பென்று கொண்டதுபோற் கொள்ளும் மாணவர் இன்றும் உண்டு. ஆபத்துக் காலத்தில் மனம் மொழிபெயர்த்துக் கொண்டிராது.

மற்றொரு சாரார் புதுச்சொல் ஆக்குவோர். தாமானைப் 'பாய் இறுக்கு வடம்' என்று சொல்லலாமே என்று அன்பர் ஒருவர் எனக்கு யோசனை கூறினார். பொருள் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அதனைச் சொல்லி முடிப்பதற்குள் படகு கவிழ்ந்துவிடும். அன்றியும், இறுக்க வேண்டிய வேளையினும் தளர்த்த வேண்டிய வேளையே உயிர்போகும் வேளை. 'பாய் இறுக்கு வடத்தைத் தளர்த்து' என்ற கட்டளையைக் கேட்பவன் முதற்சொல்லைக் கேட்டே இறுக்கிவிடுவான்! கடலிற் பிழைத்தவர் வாயிற் தேய்ந்து தேய்ந்து சிறுத்த சொற்களே கடலுக்கு ஏற்றன. சென்னைச் சர்வகலாசாலையார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் ஆஞ்சானும் தாமானும் பருமலும் ஏராவும் அங்கே நமக்காகக் காத்திருக்கக் காணலாம். நம் காலத்தில் ஜோ டி குரூஸ் அவர்கள் 2004-இல் வெளிவந்த 'ஆழி சூழ் உலகு' முதலிய நாவல்களிற் கடற்கரையாரின் இச்சொற்களை உயிரோடு நடமாட விட்டிருக்கிறார்.

"இவற்றுட் பல தமிழே அல்லவே" என்று கேட்கலாம். உண்மைதான். சுக்கான் அரபிச் சொல், நங்கூரம் பாரசீகம். கடலோடிகளின் பாஷை எக்காலத்தும் கலப்புடையதே. இந்துமகா சமுத்திரத்து மாலுமிகள் வழங்கிய இந்துஸ்தானிக் கப்பற்சொற்களை 1811-ஆம் ஆண்டிலேயே தாமஸ் ரோபக் என்பவர் கல்கத்தாவில் அகராதியாகத் தொகுத்து வெளியிட்டார். அக்கலவை மொழியின் அலை நம் கரையையும் தொட்டது. ஆங்கிலேயர்தாம் தூய்மை காத்தனரோ? பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கட்டையைப் பூம் என்பர். அது மரம் என்னும் பொருளுடைய டச்சுச் சொல். ஸ்கிப்பர், யாட் முதலியனவும் டச்சுக்காரரிடம் பெற்றனவே. நம் வள்ளத்துப் பாய் பருமலிலே தொங்குவது. அதற்கு அடிக்கட்டை இல்லை. இல்லாத பொருளுக்குப் பெயரும் இல்லை. ஆகவே பூமைப் பூம் என்றே நாமும் சொல்லிவிட்டுப் போகலாம். தலையில் அடிபடாமல் குனிந்துகொள்வதே அங்கு முக்கியம். நாமும் கொடாமல் இல்லை. கட்டுமரம் என்ற நம் சொல்லை உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டது. மரங்களைப் பிணைத்த தெப்பத்தைக் குறித்த அச்சொல் இன்று மேனாட்டார் வாயில் இரட்டை உடலுடைய உல்லாசப் படகைக் குறிக்கிறது.

இப்பெயர்களைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று ஐயுறுவோர்க்கு யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையைச் சுட்டுவேன். அங்கே ஊர்த் தச்சர் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான ராபின்சன் என்பவர் விலைக்கு வாங்கி வேறு பெயரிட்டார். அது அவ்வூர்க் கடலோடிகளின் கையிலேயே அட்லாண்டிக் மாசமுத்திரத்தைக் கடந்து 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. அக்கப்பலின் பாய்கள் எந்த மொழிக் கட்டளைக்கு ஏறி இறங்கியிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

என் கவலை இதுவே. இப்பெயர்களைக் கையினால் அறிந்தவர்கள் குறைந்துவருகின்றனர். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரப் படகுகள் பெருகின. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், இழந்த கட்டுமரங்களுக்கு ஈடாக மோட்டார் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகளே பெரும்பாலும் வந்தன. மீன்பிடிப்போர்க்கு அது நன்மையே. பாயோடு மல்லாடும் துன்பத்தை அவர்கள் நமக்காகச் சுமக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. ஆனால் மோட்டாருக்குத் தாமான் வேண்டா. கயிறு போனால் பெயரும் போகும். அகராதியில் 'கப்பற்பாயின் கயிறு' என்று ஒரு வரி நிற்கும். எந்தக் கயிறு, எப்பொழுது விடுவது என்பதைச் சொல்ல ஆளிராது. பாய்ப்படகு இன்று பொழுதுபோக்காக மாணவரிடம் வந்து சேர்ந்திருக்கையில், பெயர்களும் அவர்களிடமே வந்து சேர்தல் கூடாதா?

ஆகவே நம் கல்லூரி அதிகாரிகளுக்கும் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். புதிய படகு வாங்கப் பொருள் திரட்டுதற்கு முன், கடலுக்கு உதவாதென்று கரையில் ஏற்றிவிட்ட பழைய வள்ளம் ஒன்றை, மரமும் பருமலும் பாயும் கயிறுகளும் உள்ளபடியே, விலைக்கு வாங்கி விளையாட்டுத் திடலின் ஓரத்தில் ஒரு கொட்டகையில் நிறுத்துக. மாணவர் அதில் ஏறிக் கண்ணைக் கட்டிக்கொண்டு தாமானையும் ஆஞ்சானையும் கையாற் தடவி இனங்காணப் பழகட்டும். மேல்வகுப்புத் தமிழ் மாணவர் இருவர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு அருகே இருக்கட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு கிரிக்கெட் பருவத்தின் மட்டைகளுக்கும் பந்துகளுக்கும் ஆவதினும் மிகாது என்றே எண்ணுகிறேன்.

கற்பிக்க யார் உளர் என்று கேட்பின், சென்ற ஆண்டு பாக்கு நீரிணைக் கரைக்கு மீண்டும் சென்றிருந்தேன். முன்பு எங்களைக் கரைசேர்த்த பெரியவர் இறந்துவிட்டார். அன்று அவரோடு வள்ளத்திலிருந்த அவர் தம்பி எண்பது வயதைக் கடந்தும் திடமாயிருக்கிறார். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாய் கட்டிக் காட்ட வருவீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கவிழ்த்த தம்பி நீங்கள்தானே?" என்றார். ஆம் என்றேன். வாடை அடங்கட்டும், மாசி பிறந்ததும் வருகிறேன் என்றார்; பேருந்துச் சீட்டை மட்டும் நாம் எடுத்து அனுப்ப வேண்டுமாம்.